அது அவர்கள் மொழி இல்லை

போன வருடம் மே மாதம், ஒரு வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு பால்கனியில் அது ஆரம்பித்தது. அம்மா மண்டபம் சாலையிலுள்ள எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் மோட்டார் தினமும் எட்டு நாற்பதுக்கு நிற்கும். அந்த இரைச்சல் நின்றதும் பால்கனியில் சம்பந்தியம்மா பேசுகிற சத்தம் கேட்டது. நான் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஊரிலிருக்கும் தன் தங்கையோடு போனில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு நறுக்குவதைத் தொடர்ந்தேன்.

சம்பந்தியம்மா யாரென்று சொல்லிவிடுகிறேன். என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே செவிலியராக இருக்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணைக் காதலித்துத் திருமணம் செய்துகொண்டான். முதலில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்மை. அவள் வந்து ஒரு வாரம் எங்களோடு இருந்த பிறகு அதெல்லாம் போய்விட்டது. நாலு வருடம் கழித்து, பேரனின் முதல் பிறந்தநாளுக்காக அவளுடைய அம்மாவும் முதல்முறையாக இந்தியா வந்தார். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். மூன்று வாரம் தங்குவதாக ஏற்பாடு.

அவர்கள் ஊர் பிலிப்பைன்ஸின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் மகாத் என்ற ஆற்றின் பக்கம் இருக்கிறது. வீட்டில் பேசுவது கத்தாங் என்ற மொழி. நான் கேள்விப்பட்டதே இல்லை. பிலிப்பைன்ஸ்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது என்று மருமகள் சொன்னாள். சந்தையில் வேறு மொழி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மொழி, டிவியிலும் அதே. கத்தாங் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது, அதுவும் சில வீடுகளில்தான். சம்பந்தியம்மாவுக்கு இவை எல்லாமே வரும், கொஞ்சம் ஆங்கிலமும் வரும். என்னோடு அந்தக் கொஞ்ச ஆங்கிலத்தில் பேசுவார். உற்சாகமாகிவிட்டால் தன்னை மறந்து கத்தாங்குக்குப் போய்விடுவார்.

மருமகள் தமிழ் கற்றுக்கொள்ளத் தொடங்கியபோது ஒரு விஷயம் எங்களை ஆச்சரியப்படுத்தியது. நாம், நாங்கள் வித்தியாசத்தை அவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ஒன்று, சேர்க்காமல் சொல்ல ஒன்று என்று அவள் மொழியிலும் இரண்டு இருக்கிறதாம். ஆங்கிலத்தில் இது இல்லாமல் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று அவளே கேட்டாள். அவர்கள் வாக்கியத்தில் வினை முதலில் வந்துவிடும்; 'போனான் அவன் கடைக்கு' என்பது மாதிரி. ஒருவர் பலராகும்போது சொல்லின் தலைப்பகுதியை இன்னொரு முறை சொல்வார்கள். காதுக்கு முதலில் தெரிவது இரட்டித்து வருகிற ஒலிதான். நம் 'அப்பா', 'பல்லு' மாதிரி நடுவில் ஒரு கணம் நின்று, அழுத்தி, பிறகு விடும். தூரத்திலிருந்து கேட்டால் யாரோ படியில் தட்டித் தட்டி இறங்குவது போல இருக்கும்.

எனக்கு அதில் ஆறு வரைக்கும் எண்ணத் தெரியும். காலையில் குக்கர் வைத்தால் விசில் எண்ணுவது எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் விளையாட்டு. நான் ஒண்ணு என்பேன், அவர் அந்தெத் என்பார். ரெண்டு, அத்துவா. மூணு, தல்லு. நாலு, அப்பத். அஞ்சு, லிமா. பருப்புக்கு ஐந்து விசில்தான். கொண்டைக்கடலை வைத்த ஒரு நாள் ஆறாவது விசிலுக்கு 'அன்னம்' என்றார். எங்கள் ஊரில் அது சோறு என்று பானையைத் திறந்து காட்டினேன். அன்றைக்கு அவர் எண்ணியதையும் சிரித்த சிரிப்பையும் என் கணவர் கைபேசியில் வீடியோ எடுத்து வைத்திருந்தார். அந்த வீடியோ என் கைபேசியிலும் இருந்தது.

அந்த வியாழக்கிழமை மகனும் மருமகளும் பேரனும் கொடைக்கானலில் இருந்தார்கள். முந்தின நாள் கிளம்பினார்கள். வளைவுப் பாதையில் கார் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று சம்பந்தியம்மா வரவில்லை. கிளம்பும்போது மருமகள் என் கையைப் பிடித்து, அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, மறந்துவிடுவார், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் இருபத்தாறு வருடமாக ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகப் பொறுப்பில் இருப்பவள். நூறு மாணவர்களை அமிலத்தோடு விட்டுவிட்டுக் கவனிக்கத் தெரிந்தவளுக்கு ஒரு மாத்திரை பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

காலை மாத்திரை கொடுத்தேன். எட்டேகாலுக்குக் குக்கர் ஐந்து விசில் அடித்தது. அவர் ஐந்தும் எண்ணினார். கணவர் கைலாசபுரம் தொழிற்சாலைக்கு முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். எட்டு நாற்பதுக்கு மோட்டார் நின்றது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமான பகுதி. சம்பந்தியம்மா வந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். உற்சாகத்தில் கத்தாங்கில் பேசினால், புரியவில்லை என்று சொல்லி அவரை நிறுத்த மாட்டேன். விருந்தாளி சந்தோஷமாகப் பேசும்போது குறுக்கே விழுந்து ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால் முகம் வாடிவிடும் இல்லையா? அதனால் ஆமாங்க, சரிங்க என்று தலையாட்டுவேன். அவரும் நான் தமிழில் அடுக்கிக்கொண்டே போனால் அப்படித்தான் தலையாட்டுவார். எங்கள் இருவருக்கும் அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது.

ஒன்பது மணி வாக்கில் அவர் பால்கனியிலிருந்து சமையலறைக்கு வந்தார். என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். நான் சரிங்க என்றேன். மேடையில் சாய்ந்து நின்று மறுபடி சொன்னார். ஆமாங்க என்றேன். மணப்பாறை முறுக்கு டப்பாவை எடுத்து நீட்டினேன், அது அவருக்கு உயிர். அவர் முறுக்கைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பசியில்லை போலிருக்கிறது என்று டப்பாவை மூடினேன். அவர் பேசிக்கொண்டே ஹாலுக்குப் போனார், திரும்பி வந்தார், பேசினார். நான் குழம்பைக் கொதிக்கவிட்டு, துணியை மெஷினில் போட்டு, இடையிடையே தலையாட்டினேன். முக்கால் மணி நேரம்.

ஒன்பதே முக்காலுக்கு ஹாலில் மின்விசிறியைக் கூட்டி வைக்கப் போனபோது அவருடைய கைபேசி, முந்தின இரவு நான் செருகி வைத்தபடியே சார்ஜரில் கிடந்ததைப் பார்த்தேன். திரை அணைந்திருந்தது. அப்படியானால் காலையில் பால்கனியில் யாரோடு பேசினார்?

அவரிடம் போய் ஆங்கிலத்தில், உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்த்து, புன்னகையோடு, ஏற்ற இறக்கத்தோடு பேசினார். ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை. அப்போதுதான் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவர் வந்த நாளிலிருந்து காதில் விழுந்த அந்த நின்று, அழுத்தி, விடுகிற ஒலி அதில் இல்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. விரலை நீட்டி, அந்தெத் என்றேன். அவர் அந்தெத் என்றார். இரண்டாவது விரலை நீட்டினேன். 'அந்தெத், தெதே, தெதே லே' என்று ஏதோ தொடர்ந்தது. மூன்றாவது விரலுக்கும் அதுவேதான்.

மகனுக்கு போன் அடித்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால். மருமகளுக்கும் அதே. சம்பந்தியம்மா பேசுவதைப் பதிவு செய்து மருமகளுக்கு அனுப்பினேன். ஒரு டிக் விழுந்து நின்றது. கணவரின் கைபேசி தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டுவிடும். கீழே ஓடிப் போய் ஆட்டோ பிடித்து வந்தேன்.

மாம்பழச் சாலை தாண்டிப் பாலத்தில் ஏறும்போது சம்பந்தியம்மா ஆட்டோக்காரரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். அவரும் விடாமல், அப்படியா, சரி சரி என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பின்பு என்னிடம், "என்னக்கா, வெளிநாட்டு அம்மா நம்ம ஊரு வெயில திட்டுறாங்களா?" என்று சிரித்தார். அவரும் என்னைப் போலவே தலையாட்டிக்கொண்டிருந்தார். அவங்களுக்கு உடம்பு சரியில்லப்பா, சீக்கிரம் போ என்றேன். அந்த மனிதர் உடனே வேகத்தைக் கூட்டினார். தில்லை நகர் நெரிசலில் எந்தெந்தச் சந்தில் நுழைந்தார் என்றே தெரியாது. பத்தரைக்குள் புத்தூரில் ஒரு மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு இளம் மருத்துவர். நல்ல பையன், அவரை நான் குறை சொல்லமாட்டேன். கையைத் தூக்கச் சொல்லி, தான் தூக்கிக் காட்டினார். அவரைப் பார்த்துச் சம்பந்தியம்மாவும் இரண்டு கையையும் தூக்கினார். முகம் கோணவில்லை. நடந்துதான் உள்ளே வந்தார். ரத்த அழுத்தம் மட்டும் ஏறியிருந்தது. மருத்துவர் தன் கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து பிலிப்பைன்ஸ் மொழியைத் தேர்ந்தெடுத்துச் சம்பந்தியம்மாவின் வாயருகில் பிடித்தார். திரையில் சம்பந்தமில்லாத நாலு சொல் வந்தது. பட்டியலில் கத்தாங் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும்.

"வட்டார வழக்கா இருக்கும், அதான் எடுக்கல. கை கால் நல்லா இருக்கு, நல்லா கோர்வையா பேசுறாங்க மேடம். வெயில் தாங்கல போல. ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போட்டு சாயங்காலம் வரை பார்ப்போம்" என்றார்.

"இல்லங்க டாக்டர். இது அவங்க மொழி இல்ல."

"உங்களுக்கு அந்த மொழி தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா, இது அது இல்லன்னு எப்படிங்க சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. பக்கத்தில் நின்ற செவிலியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் பதில் எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு உப்பு என்னவென்று தெரியாவிட்டால் வாயால் விவாதிக்க மாட்டோம். தெரிந்த உப்பைப் பக்கத்துக் குழாயில் எடுத்து, இரண்டுக்கும் ஒரே சோதனையைச் செய்து, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஒரு நிமிஷம் கேளுங்க என்று சொல்லி, கொண்டைக்கடலை வேகவைத்த நாளின் வீடியோவை ஓடவிட்டேன். அந்தெத், அத்துவா, தல்லு, அப்பத், லிமா, அன்னம். பிறகு சிரித்துக்கொண்டே மகளிடம் கத்தாங்கில் சொன்ன இரண்டு வாக்கியம். உடனே சம்பந்தியம்மாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி அந்தெத் என்றேன். அவர் 'தெதே, தெதே லே' என்று தொடங்கி நீளமாகப் போனார். மறுபடி வீடியோ. மறுபடி அவர்.

மூன்றாவது முறை நான் ஓடவிடுவதற்குள் அந்த மருத்துவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகம் மாறிவிட்டிருந்தது. சம்பந்தியம்மாவின் முன்னால் குனிந்து, இந்த முறை தான் செய்து காட்டாமல், வாயைத் திறக்குமாறு ஆங்கிலத்தில் வாய்ச்சொல்லாக மட்டும் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். சம்பந்தியம்மா எதையும் செய்யாமல் புன்னகைத்தபடி பேசிக்கொண்டே இருந்தார். முன்பு கையைத் தூக்கியது புரிந்து அல்ல, பார்த்துச் செய்தது. மருத்துவர் திரும்பி, நரம்பியல் மருத்துவருக்குச் சொல்லுங்கள், ஸ்கேனுக்கும் சொல்லுங்கள் என்று செவிலியரிடம் சொன்னார். பிறகு என்னிடம், மூளையில் பேச்சைப் புரிந்துகொள்ளும் இடத்துக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டால் இப்படி ஆகும், கை கால் நன்றாகவே இருக்கும், பேச்சும் தடையில்லாமல் வரும், ஆனால் வருவது பேச்சாக இருக்காது என்றார். தமிழ் பேசுகிறவராக இருந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பேன் என்றும் சொன்னார்.

அடுத்த கேள்வியைக் கேட்டார். "கடைசியா எப்ப அவங்க நல்லா பேசிக் கேட்டீங்க? இத சரியா சொல்லணும். கட்டிய கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போட முடியும். அதுக்கு மேல போட்டா ரத்தம் கசியற ஆபத்து அதிகம்."

ஒன்பதே முக்கால் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. நான் கண்டுபிடித்த நேரம் அதுதானே. அதைச் சொன்னால் பழுதில்லாத ஆளாக நிற்கலாம், மருமகளிடமும் அதையே சொல்லலாம். ஆனால் அந்தத் தவறான நேரத்தை நம்பி ஊசி போட்டு ஏதாவது ஆனால்? எட்டேகாலுக்குக் குக்கர் விசிலை ஐந்து வரை சரியாக எண்ணினார் என்றேன். எட்டு நாற்பதிலிருந்து பேசிக்கொண்டிருந்தார், ஒன்பது மணிக்கு என் முன்னால் வந்து நின்று பேசினார், நான் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். செவிலியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மருத்துவர் எட்டேகால் என்று எழுதிக்கொண்டார். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்று உறுதியானது. நரம்பியல் மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். ஊசியால் குணமாகலாம். நூற்றில் சிலருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாகவும் ஆகலாம். கையெழுத்துப் போட மகள் வேண்டும். மகளுடைய கைபேசி இன்னும் மலையில் எங்கோ கிடந்தது. பதினொன்றரை. தொழிற்சாலை வாசல் காவலர் மூலமாகக் கணவர் லைனில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நீதான பக்கத்துல இருக்க. உனக்கு என்ன தோணுதோ அதச் செய். நான் கிளம்பி வரேன்" என்றார்.

ஊசி போடலாம் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. அவர்கள் மொழியில் உண்டு என்று மருமகள் ஒரு முறை சொல்லியிருக்கிறாள். தமிழிலேயே சம்பந்தி என்று எழுதிக் கொடுத்தேன். நரம்பியல் மருத்துவர் அதைப் படித்துவிட்டுத் தாளோடு உள்ளே போனார்.

நீங்கள் பதறவேண்டாம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். சம்பந்தியம்மா இன்று அவர் ஊரில் நடமாடிக்கொண்டு, சமைத்துக்கொண்டு, நலமாக இருக்கிறார். முதலில் கத்தாங் திரும்பி வந்தது, மாதக்கணக்கில் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. ஆங்கிலத்தில் இன்னமும் சொல் தேடுகிறார். ஆனால் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு இருந்த ஒரே யோசனை, அவள் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதுதான்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பதிவுக்கு இரண்டாவது டிக் விழுந்தது. அடுத்த நிமிடமே மருமகள் அழைத்தாள். செவிலியர் அல்லவா, அரை நிமிடம் கேட்டதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று இரண்டே கேள்வி கேட்டாள். சொன்னேன். தலையாட்டியதை மட்டும் போனில் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பேச்சின் பாதியில் என் கணவர் வந்து சேர்ந்தார். காபி வாங்கி வந்தார், அது ஆறிப்போனது.

மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். மகன் குழந்தையோடு கீழே நின்றுகொள்ள, அவள் மட்டும் மேலே வந்தாள். பார்வையாளர் ஒருவர்தான் உள்ளே போகலாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அம்மாவின் கட்டிலில் குனிந்து ஏதோ சொன்னாள். அம்மாவின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவள் நெற்றியை அம்மாவின் நெற்றியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். எட்டு நாற்பதிலிருந்து உன் அம்மா பேசிக்கொண்டிருந்தார், நான் ஒரு மணி நேரம் சரிங்க, ஆமாங்க என்று குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஒரு மணி நேரம் வீணானது என்னால்தான் என்றேன்.

அவள் பாதி ஆங்கிலத்திலும் பாதி அவளுடைய தமிழிலுமாகச் சொன்னாள். "அம்மா என் பேரைச் சொன்னாங்க. அப்புறம், எங்க மொழில, சேர்ந்து போகலாம் வீட்டுக்குன்னு சொன்னாங்க. நல்லாதான் சொன்னாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நான் நாலு வருஷமா நீங்க பேசுறதுல பாதி புரியாம உங்களுக்குத் தலையாட்டுறேன். நீங்க ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டீங்க. நான் இன்னிக்கு வரைக்கும் உங்ககிட்ட சொல்லவே இல்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பேசினாலும், புரியாவிட்டால் புரியவில்லை என்று கேட்டுவிடுகிறோம். கேட்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் போய் உட்கார்ந்து கேட்கிறேன்.